கோபக்கார வாடிக்கையாளர்

சாந்தா குரூஸ் நகரத்தில் இருக்கும் என் மகளுக்கு,

இரண்டு வருடம் பேசாமல் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நீயே கூப்பிட்டாய். "ஆன்லைன் படிப்பு முடியப்போகுதும்மா. வியாழக்கிழமை தேர்வு. கம்ப்யூட்டர் கெட்டுப்போனவங்க போன்ல கத்தினா எப்படிப் பேசி சரிபண்றேன்னு பாப்பாங்க. பழகிப் பாக்கணும். உன்னை மாதிரி திட்ட இங்க ஒருத்தருமில்ல" என்றாய். நம் ஊர் கோச்சபாம்பா சந்தையில் முப்பது வருடமாகப் பாத்திரம் விற்கிறவளிடம் கேட்க வேண்டியதுதான்.

கோபக்கார வாடிக்கையாளராக நன்றாகத்தான் ஆரம்பித்தேன். "திரை கறுப்பா நிக்குது! விக்கும்போது மட்டும் பல்லைக் காட்டினீங்க?" அப்புறம் வாய் தவறிவிட்டது. "எத்தனை தடவ கூப்பிட்டேன், ஏன்டி எடுக்கல?"

நீ போனை வைக்கவில்லை. படிப்பில் சொல்லிக்கொடுத்த அதே குரலில், "புரியுதுங்க மேடம். இந்தப் பிரச்சினை எப்பலேர்ந்து இருக்கு?" என்று கேட்டாய். சிக்னல் இல்லை என்று சொல்லித் துண்டித்தேன். அது பொய்.

எப்போதிலிருந்து என்று கேட்டாயே, உன் லேப்டாப்பை உன்னைக் கேட்காமல் நான் விற்ற நாளிலிருந்து. அது இல்லாவிட்டால் படிக்கப் போகாமல் என் கடையிலேயே இருந்துவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். தப்பு என்னுடையது.

தேர்வில் எவன் கத்தினாலும் அந்தக் கேள்வியை அப்படியே கேள். என்னிடமிருந்தே உண்மையை வாங்கிவிட்டாய், அவன் எம்மாத்திரம்?

இதை இன்றைய பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். புதன்கிழமை கூப்பிடு. இந்த முறை கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் கத்துகிறேன்.

உன் அம்மா