கள்ளி முளையில் வெள்ளைப் பஞ்சு

ஜூன் 4

தங்கை செடிக்கடையிலிருந்து கள்ளி விதை வாங்கி வந்தாள். விதை என்று சொன்னால்தான் விதை. கொஞ்சம் பலமாக மூச்சு விட்டால் பறந்துவிடும் தூசி. "கோவிச்சுக்காம வளர்ற செடி அக்கா, உனக்கு ஏத்தது" என்றாள். சாப்பாடு வாங்கி வந்த பிளாஸ்டிக் டப்பாவில் ஆளுக்கு ஒன்று. ஈர மணல், மேலே விதை, அதற்கு மேல் மூடி. அவள் தன் மூடியில் ஒரு சிரிக்கும் முகம் வரைந்தாள். நான் என்னுடையதில் தேதி எழுதினேன். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் இத்தனை வருஷம் குப்பை கொட்டினால் புத்தி அப்படித்தான் போகும்.

ஜூன் 9

இன்றும் தாமதமாக வந்தாள். கேட்டால் "வேலை அக்கா." நான் அறைக்குள் நுழைந்தால் போனை வைத்துவிடுகிறாள்.

அவனாக இருக்குமோ? கை ஓங்குகிற அவள் புருஷன். போன வருஷம் ஒரே ஒரு பையோடு அவனை விட்டு என்னிடம் வந்தவள். அவள் எங்கே என்று அவன் போன் போட்டபோது, "எனக்கெப்படித் தெரியும்?" என்று சாதித்தேன். நம்பிவிட்டான். எனக்கு அவ்வளவு நன்றாகப் பொய் வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

ஜூன் 13

முளைத்துவிட்டன. கடுகிலும் சின்னதாகப் பச்சை உருண்டைகள். இரண்டு பேரும் காபி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜூன் 15

பூஞ்சை. முளைகளின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. செடிக்கடைக்காரர் முன்னமே பயமுறுத்தியிருந்தார்: மூடிய டப்பாவில் ஒன்றுக்குப் பிடித்தால் மொத்தமும் அழுகிப் போகும் என்று. மனிதர்களின் நகத்திலும் தோலிலும் பூஞ்சை தேடுவதே என் பிழைப்பு. என்னிடமேவா? பெராக்சைடு, பஞ்சு சுற்றிய குச்சி, இடுக்கி. தண்ணீர் கலக்கக்கூடப் பொறுமையில்லை. என் டப்பாவை முடித்துவிட்டு அவளுடையதையும் முடித்தேன். தொட்ட இடமெல்லாம் நுரைத்தது. பார்க்கத் திருப்தியாக இருந்தது.

ஜூன் 16

அலமாரி மேலிருந்த அவள் பெட்டி கீழே இறங்கியிருக்கிறது. பாதித் துணி மடித்து உள்ளே. அவனிடம் திரும்பிப் போகப் போகிறாள்.

மதிய இடைவேளையில் அவனுக்குப் போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன். "இப்பதான் அவ கொஞ்சம் சிரிக்கிறா. போன் பண்ணி அவ மனசக் கலைக்கிற வேலை வெச்சுக்காதே."

நிதானமாகக் கேட்டான்: "ஓ. உங்ககிட்டதான் இருக்காளா?"

ஐயோ. என்ன காரியம் பண்ணிட்டேன் நான். இவன் போனே பண்ணலையே அவளுக்கு.

ஜூன் 17

அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 18

இரண்டு டப்பாவிலும் முளைகள் கருகுகின்றன. வெள்ளைதான் போய்விட்டதே, பிறகென்ன? மருந்து படாத ஒரு முளை ஓரத்தில் தப்பியிருந்தது. அதிலும் அதே வெள்ளை. ஆய்வகத்துக்கு எடுத்துப் போய் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

பூஞ்சை இல்லை. வேர். மண்ணைப் பிடிக்க விடுகிற பிஞ்சு வேர்மயிர்.

செடிக்கடைக்காரரிடம் போனில் சொன்னேன். சிரித்தார். "அட என்னம்மா, புதுசா போடுற எல்லாரும் ஒரு தடவை இதைப் பண்ணிடுவாங்க." எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணால் பார்க்காமல் ஒரு ரிப்போர்ட்டில்கூடக் கையெழுத்துப் போட்டவள் இல்லை நான். வீட்டில் மட்டும் ஏன் இப்படி—

ஜூன் 19

அவன் வந்துவிட்டான். எதிர்ப்பக்கத்து மருந்துக்கடை வாசலில் நின்றான். ஜன்னலில் பார்த்த தங்கை அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படிக்கா தெரிஞ்சது இவனுக்கு?"

சொன்னேன், எல்லாவற்றையும். அவள் கத்தித் தீர்த்திருந்தால் தேவலை.

"நான் வீடு பாத்துட்டிருந்தேன்க்கா. எனக்குன்னு தனியா. சொன்னா நீ விடமாட்டே, அதான் சொல்லல." பிறகு கேட்டாள், "என் டப்பாவைக் கருக்கினதும் நீதானே?" ஒப்புக்கொண்டேன்; அது பூஞ்சை இல்லை, வேர் என்பதையும் சொன்னேன்.

போலீசுக்குச் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். "நீ சும்மா இரு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

ஜன்னலிலிருந்து எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவனுக்கு எட்டாத தூரத்தில் நின்றே பேசினாள். அவன் ஒரு அடி முன்னால் வந்தான். அவள் நகரவில்லை; போனை உயர்த்தி அவன் முகத்தைப் படம் எடுத்தாள். மருந்துக்கடைக்காரர் கல்லாவை விட்டு வெளியே வந்து அவள் பக்கத்தில் நின்றார். அவன் கிளம்பிப் போனான். மேலே வந்தவள் தண்ணீர் குடித்தாள். டம்ளர் பல்லில் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஜூன் 21

போய்விட்டாள். அந்தப் படத்தோடு நேற்றே புகார் கொடுத்திருக்கிறாள், தனியாகப் போய். புது வீடு எங்கே என்று சொல்லவில்லை. "உனக்குத் தெரிஞ்சா அவனுக்குத் தெரிஞ்ச மாதிரிதான்க்கா." நியாயம்தான்.

தன் டப்பாவைக் கழுவி எடுத்துப் போயிருக்கிறாள். மீதமிருந்த விதையில் பாதியைக் காகிதத்தில் மடித்து எனக்கு வைத்திருக்கிறாள். மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போயிருந்தால் நான் இவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

ஜூன் 30

விதைத்தேன். எதற்கென்று தெரியவில்லை.

ஜூலை 5

அவன் போன் செய்தான். அவள் எங்கே என்றான். தெரியாது என்றேன். இந்தத் தடவை சத்தியமான உண்மை. நம்பவில்லை.

ஜூலை 12

மறுபடி வெள்ளை. கை தன்னால் பெராக்சைடு பாட்டிலுக்குப் போனது. இழுத்துப் பிடித்து லென்ஸை எடுத்தேன்.

முக்கால்வாசி வேர்தான்: முளையின் அடியில் மட்டும், குட்டையாக, நேர் நேராக. ஒரு மூலையில் வேறு மாதிரி. மணல் மேலேயே நூலாம்படை போல ஓடியிருக்கிறது. நடுவில் ஒரு முளை கண்ணாடியாகக் கனிந்து சாய்ந்து கிடக்கிறது. அது பூஞ்சை, சந்தேகமில்லை. அந்த இடத்தை மட்டும் மணலோடு கரண்டியால் அள்ளிப் போட்டுவிட்டு, காற்றுப் போக மூடியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். மற்றவற்றைத் தொடவில்லை. தொடாமல் இருப்பது இவ்வளவு கஷ்டமா? ஆய்வகத்துக்குப் போன பிறகும் விரல் துறுதுறுத்தது.

ஜூலை 19

பரவவில்லை. முதல் முள் வந்திருக்கிறது, பூனைக்குட்டி மீசை மாதிரி. சொல்ல ஆளில்லை.

ஆகஸ்ட் 2

தங்கையிடமிருந்து ஒரு படம். கழுவி எடுத்துப் போன அதே டப்பா, ஓரத்தில் கழற்றி வைத்த மூடியில் அதே சிரிக்கும் முகம். உள்ளே பச்சைப் புள்ளிகள், அடியில் கலங்கலாக ஒரு வெள்ளை. "அக்கா, இது பூஞ்சையா வேரா?"

எழுதி எழுதி அழித்தேன். எதையும் தொடாதே. டப்பாவை இங்கே கொண்டு வா. சாப்பிடுகிறாயா? மன்னித்துவிடு. கடைசியில் அனுப்பியது இதுதான்: "படத்துல தெரியலடி. நேர்ல பாக்காம நான் சொல்ல மாட்டேன்."

துணி காயப்போட்டேன். பாத்திரம் கழுவினேன். கழுவியதையே இன்னொரு தடவை கழுவினேன்.

பிறகு பதில் வந்தது. ஒரு வீட்டு எண், தெருப்பெயர், இரண்டாவது மாடி. அதன் கீழே, "லென்ஸ் மட்டும் எடுத்துட்டு வா."

பையில் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த பெராக்சைடு பாட்டிலை வெளியே எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புகிறேன்.