மேடில்லாத பாதைகள்

லுணுகலை
14.03.2024

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் மாசி மாதக் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. தேயிலைத் தோட்டத்து ஆபிசில் ஆறு நாள் கிடந்திருக்கிறது. உறையின் மேல் யாரோ தேநீர்க் கோப்பையை வைத்த வட்டம். நல்லவேளை, உள்ளே எழுத்து நனையவில்லை.

பிரான்சில் பத்து வருட வதிவிட அட்டை கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்த இடத்தை அத்தைக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். "அப்ப வந்துருவான்ல?" என்றார். "மார்கழியில வர்றேன்னு எழுதியிருக்காங்க அத்த" என்றேன். ஒன்பது வருடம் அந்த அட்டைக்காகத்தானே காத்திருந்தோம். நீங்கள் வந்த பிறகு, நான் உங்களோடு வருவதா, நீங்களே திரும்பி வந்துவிடுவதா என்று உட்கார்ந்து பேசி முடிவெடுக்கலாம். எனக்கு எதுவும் சம்மதம். தனியாக முடிவெடுப்பதுதான் அலுத்துவிட்டது.

கடிதத்தில் மீதி எல்லாம் நடைதான். ஆற்றங்கரையில் நடந்தேன், பூங்காவைச் சுற்றினேன் என்று மூன்று பக்கம். அத்தை சிரித்துவிட்டார். "நடக்கிறதுக்கா பிளேன் ஏறிப் போனான்? இங்க நடந்தது பத்தலயாமா அவனுக்கு?"

கமரா உடைந்த கைபேசியை எப்போது மாற்றுவீர்கள்? உங்கள் முகத்தைப் பார்த்துப் பத்து மாதம் ஆகிறது.

உங்கள்
விஜி


லவால், பிரான்ஸ்
07.04.2024

அன்புள்ள விஜி,

அம்மா கேட்டது சரிதான். எனக்கே புதுமையாகத்தான் இருக்கிறது. இங்கே ஆற்றோரம் நடக்கிறவர்கள் யாரும் எதையும் சுமந்துகொண்டு போவதில்லை. முதுகில் கொழுந்துக்கூடை இல்லை, தலையில் விறகு இல்லை. எங்கேயும் போய்ச் சேர வேண்டியதும் இல்லை. போகிறார்கள், மர வாங்கில் உட்காருகிறார்கள், திரும்புகிறார்கள். ஆரம்பத்தில் வெட்கமாக இருந்தது. இப்போது ரெஸ்டோரண்டில் மதிய வேலை முடிந்ததும் கால் தானாக அங்கே போகிறது.

முன்பு குதிரைகள் கரையில் நடந்து படகுகளை இழுத்துப் போகுமாம். அதற்காகப் போட்ட பாதை என்பதால் மைல் கணக்கில் மேடே கிடையாது. நகரசபை ஒரு மடிப்புத்தாள் போட்டிருக்கிறது, சுலபமான நடைகள் என்று. இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் கோடு போட்டவை மூன்றும் நான் போகிறவை. உனக்கு வரைபடம் பார்க்கப் பிடிக்கும். நிதானமாகப் பார்.

கைபேசி மாற்றவில்லை. அம்மாவின் இருமல் எப்படி?

தயாபரன்


லுணுகலை
12.05.2024

அன்புள்ள அத்தானுக்கு,

தாள் கிடைத்தது. புவியியல் டீச்சருக்கு இதைவிட நல்ல பரிசு இல்லை. உங்கள் மூன்று பாதைகளையும் கொப்பியில் பெரிதாக வரைந்துவிட்டேன். ஆறு, பாலம், வாத்துக் குளம், வாங்குகள். பள்ளிக்கூடம் விட்டு நூற்று எண்பத்தாறு படி ஏறி வீட்டுக்கு வரும்போது மனதில் உங்கள் கரையில் நடக்கிறேன். மூச்சு வாங்குவதுதான் காட்டிக்கொடுக்கிறது.

ஆனால் வரைந்து முடித்ததும் ஒன்று உறுத்தியது. மூன்று பாதையிலும் ஒரு படிகூட இல்லை. தாளில் பதினொரு நடை இருக்கிறது. குன்றின் மேல் கோட்டைக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று. நீங்கள் ஒரு கோடும் போடவில்லை. தோட்டத்து மேல் டிவிசனுக்கு மாவு மூட்டையோடு ஓடி ஏறின மனிதர் நீங்கள். உங்களோடு ஏற முடியாமல் நான் பாதி வழியில் உட்கார்ந்து திட்டியது நினைவிருக்கிறதா?

பிறகு அந்தக் குட்டிப் படங்களைக் கவனித்தேன். நீங்கள் கோடு போட்ட மூன்றுக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு படங்கள். ஒன்று சக்கர நாற்காலி. மற்றது சந்தைச் சாமான் தள்ளும் கூடைபோல இருக்கிறது.

அத்தான், உங்கள் காலுக்கு என்ன? கமரா உடைந்தது அதனால்தானா? ஒரு வரி எழுதுங்கள் போதும். அத்தையிடம் சொல்லமாட்டேன்.

உங்கள்
விஜி


லவால்
10.06.2024

அன்புள்ள விஜி,

என் கால் நன்றாகத்தான் இருக்கிறது. அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

மார்கழியில் வருவது கஷ்டம்போல் தெரிகிறது. காரணம் எழுத வேண்டும். இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். என்னை இப்போது பார்த்தால் உனக்குப் பிடிக்காமல் போகலாம். கொஞ்சம் பொறு.

தயாபரன்


மொனராகலை
18.08.2024

அன்புள்ள அத்தானுக்கு,

மேலே ஊர்ப்பெயரைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள்.

உங்கள் நாலு வரிக் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்லமாட்டேன். பார்த்தால் பிடிக்காமல் போகுமா? உங்கள் காலையா நான் கட்டிக்கொண்டேன்? நீங்கள் வரத் தயங்குவது எதனால் என்று யோசித்தேன். அந்த நூற்று எண்பத்தாறு படி. அதில் உங்களை யாராவது தூக்கிக்கொண்டு ஏறுவதை லயத்து வீட்டுக்காரர் எல்லோரும் நின்று பார்ப்பார்கள். நீங்கள் அதைத் தாங்கமாட்டீர்கள்.

இங்குள்ள பள்ளிக்கூடத்து றஷீனா டீச்சர் லுணுகலைப் பக்கம் வர ஆள் தேடிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் இடம் மாற்றிக்கொண்டோம். இரண்டாம் பள்ளித் தவணை முடிந்ததும் வந்துவிட்டேன். இனி ஐந்து வருடத்துக்குத் திரும்பிக் கேட்க முடியாது. கேட்கவும் போவதில்லை.

நாங்கள் இருக்கும் பக்கம் சமதரை. வெயில் காய்ச்சுகிறது, கரும்புத் தூசி கண்ணை அரிக்கிறது. ஆனால் வீட்டிலிருந்து ஓடைக்கரை வரை ஒரு மேடு கிடையாது. நான் நடந்து பார்த்தேன், இருபத்திரண்டு நிமிடம். வீட்டு வாசலில் ஒரே ஒரு படி இருந்தது. ஜௌபர் மேசனைக் கூப்பிட்டு அதையும் உடைத்துச் சிமெந்துச் சரிவாகப் போட்டுவிட்டேன்.

அத்தை முனகிக்கொண்டே வந்தார். "மலை இப்படித் தள்ளி நிக்கிற ஊர்ல எந்தப் பக்கம் பார்த்து விடியுதுன்னு தெரியல புள்ள" என்கிறார். பழகிவிடுவார். நீங்கள் எப்படி இருந்தாலும் வாருங்கள்.

உங்கள்
விஜி


லவால்
15.09.2024

விஜி,

நீ இப்படிச் செய்வாய் என்று நான் நினைக்கவில்லை. உன் கடிதத்தை ஆற்றங்கரை வாங்கில் வைத்து வாசித்தேன்.

அந்தத் தாளில் இரண்டாவது படம் சந்தைக்கூடை இல்லை. குழந்தையை உட்காரவைத்துத் தள்ளும் வண்டி. நீ பார்த்துப் புரிந்துகொள்வாய், நான் வாயால் சொல்ல வேண்டியிருக்காது என்றுதான் அனுப்பினேன். உன்னைப்போலப் படம் வாசிக்கத் தெரிந்தவள் இதைத் தவறாக வாசிப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு ஒரு பெண் குழந்தை. பதினாறு மாதம். தாய் துஷாந்தினி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, எங்கள் ரெஸ்டோரண்டில்தான் வேலை. அவளுக்கு மாலை வேலை. அந்த நேரம் குழந்தையை நான் தள்ளிக்கொண்டு நடப்பேன். வண்டிக்குப் படி ஆகாது.

என் கால் நன்றாக இருக்கிறது என்று எழுதினேன். அது ஒன்றுதான் நான் எழுதிய உண்மை.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்குத் தகுதி இல்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நீதான் சொல்ல வேண்டும்.

தயாபரன்


மொனராகலை
20.10.2024

திரு. தயாபரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு ஒன்பது நாள் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, பின்வீட்டு முஷ்ரிபா தன் மகனை ஒரு வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தாள். நாலு சக்கரம், வளைந்த பிடி, மேலே மடக்கும் கூரை. "என்ன டீச்சர், அப்படிப் பார்க்கிறீங்க? எங்க நானா கட்டார்ல இருந்து அனுப்பினது" என்று சிரித்தாள். வீட்டுக்கு வந்து தாளை எடுத்து விரித்தேன். அதே பிடி, அதே கூரை.

என்னைப் படம் வாசிக்கத் தெரிந்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்பத்து நான்கு வருடம் தோட்டத்தில் இருந்தவளுக்கு அந்தப் படம் எப்படித் தெரியும்? நம் பாதைகளில் எதைத் தள்ள முடியும்? பிள்ளையை இடுப்பில் தூக்கிப்போய் ஆயா பார்க்கும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போகிறவர்கள் நாம். உங்களையும் அத்தை அப்படித்தான் தூக்கிப்போனார். சக்கரத்தில் ஒரு பிள்ளை போகும் என்று என் கண்ணுக்குத் தோன்றவில்லை. கால் போன ஒரு மனிதர்தான் தோன்றினார். அவரோடு மீதி வாழ்க்கையை வாழ முடியும் என்று முடிவும் செய்திருந்தேன். இரண்டு மாதம் அவரோடு மனதில் ஓடைக்கரைக்குப் போய் வந்தேன். உங்களை இழந்ததைவிட அவரை இழந்ததுதான் இப்போது அதிகமாக வலிக்கிறது.

ஒரு பிள்ளைக்காகப் பதுளை ஆஸ்பத்திரி வாங்கில் இலக்கத் துண்டோடு நாம் காத்திருந்த காலைகளைப் பற்றி எழுத நினைத்தேன். வேண்டாம். குழந்தையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அது நல்லது.

அத்தைக்கு நான் சொல்லமாட்டேன். அது உங்கள் வேலை. கமரா உள்ள கைபேசியில் எடுத்து, முகத்தைக் காட்டிச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் பக்கத்தில் இருப்பேன். அதன் பிறகும் அவர் என்னோடுதான் இருப்பார். அதில் உங்களுக்குப் பேச ஒன்றும் இல்லை.

மடிப்புத்தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கொப்பியில் வரைந்ததைக் கிழித்துவிட்டேன்.

தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு அத்தை வாசலுக்குப் போய்விடுகிறார். முந்தாநாள் சரிவில் கால் வழுக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டினார். "இருந்த ஒரு படியையும் ஒடச்சுப்புட்டியே புள்ள. உக்காந்து காத்திருக்கவாவது ஆகியிருக்கும்."

ஜௌபர் மேசனிடம் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு வந்து படியைத் திரும்பக் கட்டுவார்.

விஜயலெட்சுமி