பெட்டியில் போட்டிருப்பது எட்டு மணி நேரம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே வெயில். காற்று இல்லை. 6.20 பஸ், காஞ்சிபுரம். வீட்டுக்காரி கோமளாவுக்கு உட்கார இடம் கிடைத்தது. எனக்கு இல்லை.

அவளுக்கு டயாலிசிஸ் 8.15க்கு ஆரம்பம். நாலு மணி நேரம் படுக்க வேண்டும். கையில் இருந்த வீடியோ கேம் 10.40க்கு அணைந்தது. இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். வாங்கி ஐந்து நாள். பெட்டியில் எட்டு மணி நேரம் என்று போட்டிருக்கிறான். கொட்டை எழுத்தில்.

அணைந்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஃபேனைப் பார்த்தாள். பிறகு கால் குடைச்சல், முதுகு அரிப்பு, ஒவ்வொன்றாக. 11.30க்கு நர்ஸ் பெண்ணிடம் "போதும்மா, எடுத்துடு" என்று கெஞ்சி இறங்கிவிட்டாள். முக்கால் மணி நேரம் குறைவு. நேரம் குறைந்தால் தண்ணீர் உடம்பிலேயே நிற்கும், நெஞ்சுக்கு ஏறும் என்று டாக்டர் போன மாதமே சொன்னார்.

பேரன் விட்டுப்போன பழைய கேமில்தான் கட்டை அடுக்கும் ஆட்டம் பழகினாள். அது இருந்த ஆறு வாரமும் ஒரு நாள் கூட முன்னால் இறங்கவில்லை. பட்டன் செத்துப்போனது. அதனால்தான் புதுசு. போனில் ஆட முடியாது. நாற்று நட்டுத் தேய்ந்த விரல். ரேஷன் கடையில் ரேகையே விழாது, போன் மட்டும் கேட்குமா. பட்டன் என்றால் அழுத்தினால் அமுங்கும். இடது கையில் ஊசி, வலது கையால் தட்டுவாள்.

கட்டில் பக்கத்து பிளக்கில் நோயாளி எதையும் மாட்டக்கூடாது. போர்டு வைத்திருக்கிறார்கள். அது நியாயம். எட்டு மணி நேரம் என்ற பொய் நியாயமில்லை.

ஜூலை 9, புதன்

மேகமூட்டம், மழை இல்லை. சாலவாக்கத்து மோட்டார் வந்திருக்கிறது. பேரிங் போயிருக்கிறது, உள்ளே சுற்றிய செம்புக் கம்பிக் காயில் நல்லா இருக்கிறது. காயிலுக்குப் பூசும் வார்னிஷ் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

இன்று கேம் சோதனை. நாற்பத்தொரு வருடமாக மோட்டார் காயில் கட்டுகிறேன். யாரும் சொல்லித்தரவில்லை, பிரித்துப் பார்த்துக் கற்றது. எதையும் லோடில் ஓட்டிப் பார்க்காமல் பேச மாட்டேன்.

முதல் ஓட்டம்: வெளிச்சம் முழுசு, சத்தம் முழுசு. 2.20 மணி நேரம்.
சார்ஜ் ஏற மூன்று மணி நேரம்.
இரண்டாம் ஓட்டம்: வெளிச்சம் கடைசி அளவு, சத்தம் இல்லை. 2.50.

சும்மா வைத்தால் தூங்கிவிடுகிறது. அதனால் நானே ஆட வேண்டியிருந்தது. கட்டை விரல் வலி. கோ. பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தாள்.

"யோவ், இன்னா அடுக்கற நீ. குப்ப கொட்னா மாதிரி கீது."

"நான் அடுக்க ஆடல. டைம் பாத்துக்கினு கீறேன்."

"அதான் பாத்தாலே தெரிதே."

மாலை மகன் ஒரகடத்திலிருந்து போன். "நைனா, ஒரு பவர் பேங்க் வாங்கி மாட்டு. ஆயிரம் ரூபாயில முடிஞ்சிடும். இதுக்குப் போய் பேஜார் பண்ணிக்கினு." முடியாது என்றேன். தண்ணீர் ஏற்றாத மோட்டாரை நான் கட்டிக் கொடுத்தால், பக்கத்தில் இன்னொன்று வாங்கி வையுங்கள் என்று சொன்னால் விடுவார்களா. எட்டு மணி நேரத்துக்கு விலை வாங்கியவன் எட்டு மணி நேரம் கொடுக்கட்டும். மகன் போனை வைத்துவிட்டான்.

ஜூலை 10, வியாழன்

கேம் அவளிடம். அவளைக் கட்டிலில் விட்டுவிட்டு வெறும் பெட்டியும் பில்லும் எடுத்துக்கொண்டு கேம் வாங்கிய கடைக்குப் போனேன். ஒன்பதரைக்குத்தான் திறந்தான். கடைக்காரனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் ஹெட்போன்.

"ப்ரைட்னஸ் கம்மி பண்ணுங்க சார்."

"பண்ணேன். ரெண்டு அம்பது."

"எந்த கேம் ஆடறீங்கன்றதப் பொறுத்து சார். எட்டு மணி நேரம்னா அது வந்து, கம்பெனி டெஸ்ட்ல."

"கம்பெனில எந்த கேம் ஆடினாங்க?"

கண்ணாடி அலமாரியைக் காட்டினான். "அதோ பாருங்க, நாப்பதாயிரம் ரூபா மெஷினு. அதுவே பெரிய கேம் போட்டா ரெண்டு மணி நேரந்தான் நிக்கும். நீங்க மூவாயிரத்து அறுநூறு குடுத்துட்டு எட்டு கேக்கறீங்க."

நான் கேட்கவில்லை. பெட்டி சொல்கிறது. நாற்பதாயிரத்துக்கும் நிற்காது, மூவாயிரத்து அறுநூறுக்கும் நிற்காது என்றால் எந்த விலைக்குத்தான் நிற்கும் என்றேன். பக்கத்தில் நின்ற ஆள் சிரித்தான். கடைக்காரனுக்குக் கோபம்.

"மெஷின் எங்க?"

"வேலையில கீது."

"மெஷின் இல்லாம இன்னா பேசறது. சனிக்கிழம எடுத்துக்கினு வாங்க, பாக்கலாம்."

பெட்டியில் விலை ஒட்டு மூன்று. 3,600ஐ நகத்தால் உரித்தால் அடியில் 4,999. அதற்கும் அடியில் 7,999. முதல் விலையும் பொய், நேரமும் பொய். உண்மையாக இருப்பது அட்டை மட்டும்.

கோ. இன்று 11.20க்கு இறங்கினாள்.

ஜூலை 11, வெள்ளி

வெயில். வார்னிஷ் வாங்கியாச்சு.

கேமைப் பிரித்தேன். எங்கள் தொழிலில் கருகிய காயிலை வெட்டி ஒரு முழம் கையில் கொண்டுபோய்க் காட்டினால்தான் கம்பி விற்றவன் ஒப்புக்கொள்வான். பிரிக்காமல் கொண்டுபோனால் சிரிப்பான். பின்பக்கம் நாலு ஸ்க்ரூ. ஒன்றின் மேல் வட்டமாக ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. குத்தி எடுத்தேன்.

உள்ளே பேட்டரி. லேபிளில் கொள்ளளவு 5000. கையில் எடுத்தால் அந்த எடை இல்லை. லேபிளை ஓரத்தில் கிளப்பினேன். அடியில் பேட்டரி செல் மேலேயே அச்சு: 1800.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கோ.வைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அடப்பாவி" என்றாள். பிறகு, "நாளிக்கு நான் ஆடறதுக்குள்ள மூடிடுவ இல்ல?"

மூடுகிறேன் என்று சொன்னேன். மூடவில்லை. திறந்தபடி காட்டினால்தான் அவன் வாயை மூட முடியும்.

ஜூலை 12, சனி

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

8.15க்கு அவளைப் படுக்க வைத்தார்கள். "கேம் குடுய்யா" என்றாள். கடையில் காட்டிவிட்டு ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடை. துணியை விரித்து எல்லாவற்றையும் வைத்தேன். லேபிள், செல், மூடி, நாலு ஸ்க்ரூ. அவன் பேட்டரியைப் பார்க்கவே இல்லை. ஸ்க்ரூ ஓட்டையைப் பார்த்தான்.

"சீல ஒடச்சிட்டீங்களே தாத்தா."

"அதுல 1800னு போட்டுக்கீது, படி."

"சீல் ஒடஞ்சா வாரண்டி கெடையாது. பில்லுக்குப் பின்னால இருக்கு."

திருப்பிப் பார்த்தேன். இருக்கிறது. எறும்பு ஊர்ந்த மாதிரி. எட்டு மணி நேரம் மட்டும் கொட்டை எழுத்தில்.

"சரி, வாரண்டி வேணாம். இது 5000ஆ, 1800ஆ, அத மட்டும் சொல்லு."

"எனக்கென்னா தெரியும். நல்ல பேட்டரிய எடுத்துட்டு நீங்களே பழச வச்சிக்கினு வந்திருந்தா?"

நாற்பத்தொரு வருடத்தில் எந்த விவசாயியும் என்னைப் பார்த்து அப்படிக் கேட்டதில்லை. செம்பை மாற்றினாயா என்று ஒருத்தன் கேட்டதில்லை. கடையை விட்டு நகர மாட்டேன் என்று நின்றேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். வருகிற ஆட்களிடம் எல்லாம் லேபிளைக் காட்டினேன். பார்த்துவிட்டு வேறு எதையோ விலை கேட்டார்கள்.

திரும்பும்போது 11.15. கட்டிலில் வேறு ஆள். கோ. வெளியே பெஞ்சில், கையில் பஞ்சுக் கட்டோடு. பத்தேகாலுக்கே இறங்கிவிட்டாளாம். இரண்டே மணி நேரம். நர்ஸ் பெண் என்னைத்தான் திட்டியது. "சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவுல ரெண்டு முழு நாள் இருக்கு. தெரியாதாய்யா உங்களுக்கு? எங்க போனீங்க?"

தெரியும்.



ஜூலை 13, ஞாயிறு

கணுக்கால் வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று இரவு முழுக்கச் சுவரில் சாய்ந்தே இருந்தாளாம். நான் தூங்கியிருக்கிறேன்.

இன்றைக்கே டயாலிசிஸ் முடியுமா என்று போன் செய்தேன். ஞாயிறு கிடையாது, மூச்சு அதிகமானால் அவசரப் பிரிவுக்குக் கூட்டிவாருங்கள், குடிக்கும் தண்ணீர் நாளுக்கு இரண்டு டம்ளருக்கு மேல் கூடாது என்றார்கள்.

நுகர்வோர் கோர்ட்டுக்கு மனு எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம். அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள்.

"நல்லா கீது. இதுல நான் எங்க?"

"நீ எதுக்கு இதுல?"

"அதான் கேக்கறேன். யாருக்குய்யா வாங்கின அத? அவன ஜெயிச்சிக்கினு வா நீ. அதுக்குள்ள நான் இருந்தா பாத்துக்கலாம்."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மனுவை மடித்து வைத்தேன்.

ஜூலை 14, திங்கள்

லேசான தூறல். கோ.வுக்கு வீக்கம் அப்படியே. மூச்சு கொஞ்சம் தேவலை.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் செல்போன் ரிப்பேர் சலீம். அதே அளவு வோல்ட், உண்மையான 5000, ஒயரோடு வேண்டும் என்றேன். ஒன்று கொடுத்தான். உடனே வாங்கிவிடவில்லை. மீட்டரும் சின்ன பல்பும் கொண்டுபோயிருந்தேன். மாட்டி, முக்கால் மணி நேரம் எரியவிட்டு, வோல்ட் இறங்குகிறதா என்று பார்த்தேன்.

சலீம்: "பெரியப்பா, பொண்ணு பாக்க வந்தவன் கூட இவ்ளோ நேரம் பாக்க மாட்டான்."

இறங்கவில்லை. விலை கேட்டேன். முந்நூற்றைம்பது.

முந்நூற்றைம்பது ரூபாய். கடை விலையே இது. மொத்தமாக வாங்கும் கம்பெனிக்கு இன்னும் குறைவு. இதைச் சேர்த்து நாலாயிரம் என்று விற்றிருந்தாலும் வாங்கியிருப்பேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்காமல் ஏமாற்றினான்.

வீட்டில் சால்டரிங். புது செல் தடிமன், மூடி பொருந்தவில்லை. மூடியை எடுத்துவிட்டு, அட்டை வைத்து, காயில் கட்டும் காட்டன் டேப்பால் நெருக்கிச் சுற்றினேன். வார்னிஷ் போடவில்லை, வாசனை அவளுக்கு ஆகாது.

ஓட்டம்: 6.40. சூடு இல்லை. எட்டு மணி நேரம் இதிலும் வரவில்லை. 5000 போட்டிருந்தாலும் அவன் சொன்னது பொய்தான்.

கோ. கையில் வாங்கிப் பார்த்தாள். "வெளிய தனியா மாட்டினா பவர் பேங்க்கு. நீ வச்சிக் கட்டினா வேற பேரா?"



ஜூலை 15, செவ்வாய்

6.20 பஸ். இரண்டு பேருக்கும் இடம்.

எடை பார்த்தார்கள். நாலு கிலோ தண்ணீர் கூடுதல். டாக்டர் என்னைப் பார்த்த பார்வை.

8.20 ஆரம்பம். நர்ஸ் பெண் டேப் சுற்றிய கேமைப் பார்த்து, "இது இன்னாம்மா, வெடிகுண்டு மாதிரி?" என்றது. "எங்க வூட்டுக்காரு கட்டினது. வெடிக்கற ஆளு அவரு, இது இல்ல" என்றாள் கோ. பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

9.30க்கு அவளே கேட்டாள். "கடை தொறந்திருப்பானே. போவல?"

"இல்ல."

10.45. ஓடுகிறது. 11.30. ஓடுகிறது. ஒரு முறை காலில் பிடிப்பு வந்தது, அமுக்கிவிட்டேன். கண்ணை எடுக்கவில்லை அவள். 12.20க்கு டயாலிசிஸ் மெஷின் கூவியது. நர்ஸ் ஊசியை எடுக்க வந்தது.

"இரும்மா, இந்த ஒரு வரிச. பாதியில கீது."

பேட்டரி மூன்று கோட்டில் இன்னும் ஒன்று பாக்கி.

செல்லில் இருந்து உரித்த லேபிளை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். மனுவுக்கு ஜெராக்ஸ் மூன்று. நாளை புதன், அவளுக்கு மெஷின் இல்லாத நாள். ஒன்பதரைக்குக் கடை. பில், அட்டைப் பெட்டி, பழைய செல், இந்த நோட்டு. கேமை எடுக்கக்கூடாது. அது அவளிடம் இருக்கட்டும்.