கிழக்கு பார்த்த கேமரா

செப்டம்பர், இரண்டாம் வாரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

கரையில் நீ விட்டுப்போன ஒரே மகளும் ஒரே தலைவலியுமான லின்னியா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நாய் முழு நலம், நான் முக்கால் நலம், அப்பா கால்வாசி நலம். கால்வாசி என்று சும்மா எழுதவில்லை, மேலே படி.

டெட்ராய்ட்டில் தபால் படகு உன் கப்பலை ஒட்டி வந்து வாளியில் இதை ஏற்றும்போது, நீ கப்பல் சமையலறையில் அத்தனை பேருக்கும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பாய். கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து படி. போனில் இதைச் சொல்ல முடியாது. நம் வீட்டுச் சுவரின் தடிமன் உனக்குத் தெரியும். அப்பா தும்மினால் அடுத்த அறையில் நான் மூக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"அப்பா நடக்கிறாரா? விளையாடாமல் உண்மையைச் சொல்" என்று கேட்டிருந்தாய். விளையாடாமல் சொல்கிறேன். நடக்கிறார். சமையலறையிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து வாசலில் தபால் பெட்டிக்கு. அதைத் தாண்டி ஓர் அடி கிடையாது. எலும்பு நன்றாகக் கூடிவிட்டதாம். தொடையில் வைத்த கம்பி நம் பிக்கப் வண்டியைவிட உறுதியாம். மேடு பள்ளத்தில் நடந்தால்தான் கால் பழைய காலாகும் என்று டாக்டர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். அப்பாவிடம் எல்லாவற்றுக்கும் "நாளைக்கு" என்ற ஒரே பதில்தான். போன நவம்பரில் மான் வேட்டைக்கு மரத்தில் கட்டிய பரணிலிருந்து விழுந்தாரே, அதிலிருந்து காட்டைப் பார்த்த ஜன்னலுக்கு நாற்காலியின் முதுகைத்தான் காட்டுகிறார்.

இதைவிடப் பெரிய சங்கதி வேறு. ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு அந்தப் பக்கத்து ரெய்னோ மாமா காபிக்கு வந்தார். அப்பா ரொம்பச் சாதாரணமாக, "இந்த சீசன் எங்க காட்டுலயும் மானுக்கு நீயே உக்காந்துக்கோ ரெய்னோ. எனக்குப் போதும்" என்றார். மாமா சிரிக்கவில்லை. அம்மா, எதற்கும் சிரிக்கிற மனிதர் அவர்! நான் கரடித்தோலைப் போர்த்திக்கொண்டு அவர் காட்டில் கட்டியிருந்த கேமரா முன்னால் இரண்டு காலில் நடந்ததும், அந்தப் படத்தை அவர் ஊர் முழுக்கக் காட்டி அதிசயப்பட்டதும், கரடி ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பதை யாரோ கண்டுபிடித்ததும் நினைவிருக்கிறதா? அன்றைக்குக்கூட அவர்தான் முதலில் சிரித்தார். இப்போது காபியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நவம்பர் பதினைந்தாம் தேதி, பள்ளிக்கூடத்துக்கே லீவு விடுகிற நாளில், வேட்டை சீசன் திறக்கும்போது அப்பா இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், அப்புறம் எந்த நவம்பரிலும் எழுந்திருக்க மாட்டார். எனக்கு அப்படித்தான் படுகிறது. அவர் காட்டுக்குப் போகவில்லை என்றால் காட்டை அவரிடம் கொண்டுவருவது என்று முடிவு செய்துவிட்டேன். எது அசைந்தாலும் தானே படம் எடுக்குமே, ஷெட்டில் தூங்கிய அந்த இரண்டு கேமராக்களுக்கும் புது பேட்டரி போட்டு, ஒன்றை ஓடைக்கரையிலும் ஒன்றை சீடர் மரச் சதுப்பு ஓரத்திலும் மரத்தில் கட்டிவிட்டேன். உன் புருஷனுக்குப் படம் காட்டப் போகிறேன்.

உன் ஏரி அலையடிக்காமல் இருக்கட்டும்.

அன்புடன்,
லின்னியா

அக்டோபர், முதல் வாரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வாளியில் வந்த உன் பதில் கிடைத்தது. "அவரைத் தொந்தரவு பண்ணாதே" என்று அடிக்கோடு போட்டிருக்கிறாய். கோடு நேராக இருந்தது, நன்றி. ஆனால் அது வருவதற்குள் தொந்தரவு பாதி முடிந்துவிட்டது.

முதலில் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அம்மா, நாம் தூங்கும்போதும் பேஸ்டி சாப்பிடும்போதும் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கோடு மல்லுக்கட்டும்போதும் நம் ஓடைக்கரையில் என்னவெல்லாம் நடக்கிறது தெரியுமா! நீர்நாய்க் குடும்பம் ஒன்று வரிசையாகப் போகிறது, கடைசிக் குட்டி மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. ஒரு கரடி கேமராவை நக்கிப் பார்த்திருக்கிறது, நாக்கு ஒன்றுதான் படம். ஒரு ஓநாய் பக்கவாட்டில் போகிறது. ஏதோ வேலைக்கு நேரமாகிவிட்டதுபோல ஒரு நடை.

அப்புறம் அந்த ஆண்மான். கொம்பின் மேல் இருந்த வெல்வெட் தோல் கிழிந்து தொங்கியது ஒரு படம். அடுத்த படத்தில் அதையெல்லாம் புதரில் தேய்த்துவிட்டு, பளபளவென்ற கொம்போடு நிற்கிறது. ஒரு கோடைக்குள் தலைமேல் ஒரு மரத்தையே வளர்த்து, பனிக்காலத்தில் கழற்றிப் போட்டுவிட்டு, அடுத்த வருஷம் முதலிலிருந்து ஆரம்பிக்கிறதே, எவ்வளவு பொறுமை வேண்டும்! "உனக்கு என்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்று நீ என்னைத் திட்டும்போதெல்லாம் அது திட்டு என்று நினைத்தேன். பாராட்டு அம்மா அது.

ஆனாலும் என் மனசைப் பறித்தது ஒரு பெண்மான்தான். இடது காது கிழிந்திருக்கும். அதற்குக் கேமரா எங்கே இருக்கிறது என்று தெரியும். ஒரே ஒரு தடவை நேருக்கு நேர் முறைத்தது, நீ என் ரிப்போர்ட் கார்டைப் பார்க்கிற மாதிரி. அதோடு சரி. அடுத்த நாளிலிருந்து இரண்டு குட்டிகளையும் கேமரா கட்டிய மரத்துக்குப் பின்பக்கமாகச் சுற்றி ஓட்டிப் போகிறது. படத்தின் ஓரத்தில் கிழிந்த காதின் நுனி மட்டும்தான் விழுகிறது. இந்தக் காட்டில் மூளையுள்ள ஒரே ஆள் அதுதான்.

இவ்வளவையும் அப்பாவிடம் காட்டினேன். "ம்" என்றார். கரடி நாக்குக்கு "ம்". பெரிய கொம்புக்கு "ம்". கிழிந்த காதுக்கு மட்டும் "ம்ம்". பிறகு பேப்பரை விரித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆனால் நான் அழவில்லை, நாயிடம் கோபித்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு தவறு நடந்தது. ஓடைக்கரைக் கேமராவை அவசரத்தில் கிழக்கு பார்க்கக் கட்டிவிட்டேன். காலைப் படமெல்லாம் ஒரே வெள்ளை. வெளிச்சத்துக்கு நடுவில் நான்கு கால் மட்டும் நிற்கிறது. அப்பா பேப்பரைக் கீழே வைத்தார். "ஏன்டி கழுதை, காலைல சூரியன் எந்தப் பக்கம் எழுந்திரிக்கும்னு பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலையா?" என்று ஒரு கத்து கத்தினார். "நான் எழுந்திரிக்கிறப்ப அது உச்சிக்கு வந்துடுதுப்பா" என்றேன். "வடக்கு! கேமரா எப்பவும் வடக்கைப் பாக்கணும்!" என்று தடியை எடுத்து வடக்கைக் காட்டினார். அம்மா, பத்து மாதத்துக்கு அப்புறம் அவர் குரல் கூரையில் முட்டியது. எனக்கு ஜிலீரென்றது.

நல்ல படத்துக்கு அசையாத மனிதர் மட்டமான படத்துக்கு எழுந்து உட்கார்கிறார். இது தெரிந்த பிறகு நான் சும்மா இருப்பேனா?

அடுத்த தடவை கேமராவுக்கு நேர் எதிரே உயரமான புல்லை விட்டுவைத்தேன். காற்றில் புல் ஆட ஆட அது படம் எடுத்துத் தள்ளியது. மெமரி கார்டு ஃபுல், திறந்தால் ஃபுல்லாகப் புல். "மாடு மேய்க்கப் போறியா, மான் பாக்கப் போறியா?" என்றார். அதற்கடுத்து என் கை தடிமன்கூட இல்லாத இளமரத்தில் கட்டினேன். மரம் ஆட, காடு முழுக்கக் குடித்துவிட்டு நடனமாடுவதுபோல் படம். இந்தத் தடவை அவர் திட்டவே இல்லை. எழுந்தார். பூட்ஸ் எங்கே என்று கேட்டார்.

என் முகத்தை நான் எப்படி வைத்துக்கொண்டேன் என்பதற்குப் பரிசே தரலாம்.

ஆனால் விளையாடாமல் சொல் என்றாயே, அதனால் மீதியையும் எழுதுகிறேன். நம் கொல்லைப் புல்வெளியைத் தாண்டி, மரங்கள் தொடங்கும் இடம்வரை போனார். அங்கே நின்றார். ரொம்ப நேரம் நின்றார். பிறகு திரும்பி வந்தார். முகம் வெளுத்து, கழுத்தெல்லாம் வியர்வை. வெளியே நல்ல குளிர். "காலு வலிக்குது" என்றார். அது காலில் இருக்கும் வலி இல்லை என்று நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும்.

நான் தப்பு செய்துவிட்டேனோ அம்மா? எழுது.

அன்புடன்,
லின்னியா

அக்டோபர், கடைசி வாரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. இந்த உறையில் நான்கு படங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிறகு பார், முதலில் இதைப் படி. எனக்குத் தெரியும், முதலில் பார்த்துவிட்டாய்.

அன்றைக்கு அப்பா திரும்பி வந்த பிறகு நான் கேமரா பேச்சையே எடுக்கவில்லை. சனிக்கிழமை நான் கூடைப்பந்து ஆடிவிட்டு வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. தடி இல்லை, பூட்ஸ் இல்லை, காட்டுக்குப் போடும் ஆரஞ்சுச் சட்டையும் இல்லை. நாயும் இல்லை. நான் ஓடவில்லை என்று சொன்னால் நம்புவாயா? ஓடினேன். காட்டு ஓரத்தில் ரெய்னோ மாமா வேலியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். "போகாதே. அவன் உள்ள போய் நேரமாச்சு. நான் இங்கேருந்து காது குடுத்துக்கிட்டுதான் இருக்கேன். மெதுவாப் போறான். அவன் போற வேகத்துக்கு, மானுக்கு இருக்கிற கொம்பு விழுந்து அடுத்த கொம்பே முளைச்சிடும்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் அவரும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. நானும் அவர் பக்கத்தில் வேலியில் சாய்ந்துகொண்டேன்.

அப்பா வந்தார், நாய் முன்னால், அவர் பின்னால். கால்சட்டை முட்டிவரை சேறு. எங்களைப் பார்த்ததும், "என்ன, இங்க ஊர்வலமா?" என்றார். பிறகு ரெய்னோ மாமாவிடம், "காடு குடுத்தேன்ல, அதைத் திருப்பிக் குடு" என்றார். "நீ குடுத்தப்ப நான் வாங்கினேனா? காபியைக்கூடக் குடிக்காமதானேடா போனேன்" என்றார் மாமா. அவ்வளவுதான். இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துப் பனி எப்போது விழும் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆண்கள்!

ராச்சாப்பாடு முடிந்ததும் கார்டைக் கொடுத்து, "பாரு" என்றார். திறந்தேன். முதல் படம் அப்பாவின் முகம். திரை முழுக்க ஒரே ஒரு கண்ணும், வெளியே நீட்டிய நாக்கும். நான் அலறிய அலறலில் நாய் மேஜைக்கு அடியில் போய்விட்டது. பேப்பருக்குப் பின்னால் அப்பாவின் தோள் குலுங்கியது.

"எப்பப்பா கண்டுபிடிச்சீங்க?" என்றேன். "புல்லைப் பாத்த அன்னைக்கே. ஒரு தடவை தப்பா வெச்சா முட்டாள். ரெண்டாவது தடவை வேற விதமா தப்பா வெச்சா அவ முட்டாள் இல்ல, என் மக." "தெரிஞ்சும் ஏன் திட்டினீங்க?" என்று கேட்டேன். பேப்பரைத் தாழ்த்தாமலே, "திட்டலைன்னா நீ நிறுத்திருவியே" என்றார்.

அம்மா, ஊரையே ஏமாற்றியவள் நான். இந்த மனிதரிடம் தோற்றுப்போனதில் எனக்கு வருத்தமே இல்லை. பெருமையாக இருக்கிறது.

இனி இந்த உறையில் வைத்திருக்கும் படங்கள். அப்பா கேமராவைச் சரியாக வடக்கு பார்க்க, தடித்த மரத்தில் கட்டிவிட்டார். வடக்கே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அந்த மரம்தான். பரண் இன்னும் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. முதல் படத்தில் அவர் அதன் கீழே அண்ணாந்து நிற்கிறார். இரண்டாவதில் மரத்தில் உள்ளங்கையை வைத்திருக்கிறார். மூன்றாவதில் தரையில் உட்கார்ந்து மரத்தில் முதுகைச் சாய்த்திருக்கிறார், நாய் அவர் மடியில் தலை வைத்திருக்கிறது. நான்காவதை நன்றாகப் பார். அவருக்குப் பின்னால், ஃபெர்ன் புதருக்குள், கிழிந்த காது. முழு உடம்போடு நிற்கிறது. கேமராவை மறந்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்போது அப்பாவுக்கு அது தெரியவே தெரியாது. நாயும் தூங்கிவிட்டது, அதை வீட்டைவிட்டு நீக்கலாமா என்று யோசிக்கிறோம். இந்தப் படத்தை அவரிடம் காட்டியபோது "ம்" சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "என்னா ஒரு பொம்பளை" என்றார்.

பரணை மரத்தோடு கட்டியிருந்த வாரைப் பற்றி நீ ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். அப்பா அதன் அறுந்த துண்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மேஜையில் வைத்து என்னிடம் காட்டினார். "பாரு, அணில் கடிச்சிருக்கு. மீதியை வெயிலும் பனியும் தின்னிருக்கு. இன்னொரு வருஷம் தாங்கும்னு உங்கம்மா சொன்னா. நானும்தான் இழுத்துப் பாத்துட்டு ஆமான்னேன். இடுப்புல பாதுகாப்பு வார் போடாம ஏறினது நான். இதுல அவ பண்ணினது என்ன இருக்கு?" என்றார். பிறகு, "இதையெல்லாம் அவகிட்ட சொல்லணும்னு இல்ல" என்றார். சொல்லணும் என்று இல்லை என்றுதான் சொன்னார், சொல்லாதே என்று சொல்லவில்லை. ஆகவே சொல்கிறேன்.

இப்போது தினமும் போகிறார். இனி மேலே ஏற மாட்டாராம், தரையிலேயே உட்காரப் போகிறாராம். நேற்று நானும் கூடப் போனேன். மரத்தடியில் சருகை எல்லாம் ஒதுக்கி, வேரோரம் மண்ணைத் தட்டிச் சமமாக்கி வைத்திருக்கிறார். ஓர் ஆள் உட்கார அவ்வளவு இடம் வேண்டாம். "எனக்காப்பா?" என்று கேட்டேன். "நீ ரெய்னோகூட சதுப்புப் பக்கம். உன் வாய் இருக்கிற இடத்துல எந்த மான் வரும்?" என்றார். அப்படியானால் அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அப்பா குனிந்து இன்னொரு கல்லைப் பொறுக்கி அப்பால் எறிந்தார்.

பதினைந்தாம் தேதிக்கு முன்னால் உன் கப்பல் ஏரி மாறும் சூ மதகைத் தாண்டும் என்று ரெய்னோ மாமா கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். வண்டியில் பெட்ரோல் போட்டாயிற்றாம். உன்னை அழைத்துவர அங்கே வந்து நிற்பாராம், எவ்வளவு நேரமானாலும். உன் கேப்டனிடம் பேசு அம்மா. அவர்களுக்கு ஒரு வாரம் வேறு யாராவது உருளைக்கிழங்கு உரிக்கட்டும்.

நவம்பர் காற்று உன் கப்பலைத் தொடாமல் விலகிப் போகட்டும். நீ இறங்கும் இடத்தில் வழுக்காமல் இருக்கட்டும்.

அந்த இடத்தில் சருகு மறுபடியும் விழுகிறது. அப்பா தினமும் போய் ஒதுக்கிக்கொண்டிருக்கிறார்.

உன் மகள்,
லின்னியா