எல்லாப் படத்திலும் வாங்கில் இருந்த தங்கை

ஒக்டோபர், ஞாயிறு இரவு

டோட்முண்ட் நகரத்திலிருந்து ஸ்காபரோவில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பி ஒரு கிழமையாகிறது. அங்கே எடுத்த படங்களை மகள் மாயா இன்று பின்னேரம் ரீவியில் போட்டுக் காட்டினாள். பழைய தேவாலயம், மூடிக் கிடக்கும் இரும்பாலை, ஆலையின் உயரமான உலைக்கு மேலே நின்று நான் எடுத்த நகரம். எல்லா இடத்துக்கும் கூட்டிப்போனவள் அங்கே இருக்கும் என் தங்கை வதனி.

"அம்மா, சித்தி ஏன் எல்லாப் படத்திலயும் வாங்கில இருக்கிறா?" என்று மாயா கேட்டாள்.

திரும்பப் பார்த்தேன். உண்மைதான், அவள் இருக்கும் படம் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபடிதான். உலையடியில்கூட வாங்கில் இருந்தபடியே, "நீ ஏறிப் பாத்திட்டு வா அக்கா, நான் எத்தினை தரம் பாத்திட்டன்" என்றாள். நானும் நம்பி ஏறிவிட்டேன்.

உடனே அவளுக்குப் போன் எடுத்தேன்.

"உனக்கு என்ன செய்யுது? டொக்டரிட்டப் போனனியோ?"

"ஒண்டுமில்லை அக்கா. களைப்புத்தான்."

பிறகு மெதுவாக, "திரும்ப எப்ப வருவாய்?" என்றாள்.

யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள் வதனி. படுத்துப் பார்த்தேன், நித்திரை வரவில்லை. நாளை வேலையில் லீவு கேட்க வேண்டும். தராவிட்டாலும் அவளிடம் போவேன்.