கடைசிப் பீப்பாய்

செப்டம்பர் 4
என்னைச் செத்தவனாக அச்சடித்துவிட்டார்கள். செய்தது என் மகன்.

எங்கள் ஆலையின் விஸ்கி மறுபடியும் கடைக்கு வரப்போகிறது. அதன் மாதிரி லேபிளைச் சாப்பாட்டு மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நடுவில் என் முகம். மேலே, "பெரியவரின் கடைசிப் பீப்பாய்". அடியில் நான் பிறந்த வருடம், ஒரு கோடு, பிறகு இந்த வருடம். பள்ளிக்கூடம் போகாமல் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். அந்த வருடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன்.

அது கொக்கு மார்க் விஸ்கி. "ஒரு கொக்கு குடுப்பா" என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். அதை எடுத்துவிட்டுத்தான் என் முகம். கொக்கு என்ன பாவம் செய்தது?

செப்டம்பர் 5
மகன் விளம்பரக் கம்பெனித் தாடிக்காரனைக் கூட்டிவந்தான். அவன் என்னைப் பார்க்காமலே பேசினான். "உயிரோட இருக்கிறவர் படத்தப் போட்டா விளம்பரம் சார். இல்லாதவர் படத்தப் போட்டாத்தான் பாரம்பரியம்."

"நான் இங்கதானே உக்காந்திருக்கேன்?"

"ஐயோ, உங்களச் சொல்லலீங்க ஐயா. லேபிள்ல இருக்கிறவரச் சொன்னேன்."

மகன் சொன்னான்: "வெறும் டிசைன்ப்பா. இதுவும் ஓடலேன்னா ஆலைய வித்துட வேண்டியதுதான். எப்படியும் வருஷம் முடியறதுக்குள்ள..." நிறுத்திக்கொண்டான்.

முடிவதற்குள் என்ன?

செப்டம்பர் 19
என் கறுப்புக் கோட்டைக் காணோம்.

செப்டம்பர் 27
விஸ்கியை முகர்ந்து பார்க்கும் கண்ணாடிக் கோப்பையையும் காணோம். ஜன்னலோரம் நாற்காலி இருந்த இடத்தில் கால்களின் தடம் மட்டும். "பாலிஷ் போடக் குடுத்திருக்கு மாமா" என்றாள் மருமகள். கோட்டுக்குமா பாலிஷ்?

அக்டோபர் 8
ஆலைக்குப் போனேன். வாசலில் புதுக் காவலாளி. இந்த ஆலையின் பெரியவர் நான் என்றேன்.

"அவரு தவறிட்டாருன்னு சொன்னாங்களே. நீங்க அவருக்கு அண்ணனா?"

"ஆமாடா. அவனுக்கு முந்தியே பொறந்து தொலைச்சேன்."

உள்ளே விட்டான். பயமோ, பரிதாபமோ.

வரவேற்புக் கூடத்தில் பெரிய கண்ணாடிப் பெட்டி, முன்னால் சிவப்புக் கயிறு. உள்ளே என் கோட்டு, என் கோப்பை, என் நாற்காலி. பக்கத்தில் காலியாக ஒரு சின்னப் பலகை. அதன் கீழே அட்டை: "அவர் கைப்பட எழுதிய கடைசிப் பக்கம்".

நான் இன்னும் எழுதாத பக்கம்.

அக்டோபர் 9
மார்பில் பிடிப்பு. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தாடிக்காரன் நிம்மதியாகத் தூங்குவான்.

அக்டோபர் 30
மகன் கட்டில் ஓரம் வந்து உட்கார்ந்தான் — அவனுக்குக் காய்ச்சல் என்றால் நான் உட்கார்ந்த மாதிரி.

"உங்க டைரி வேணும்பா. கடைசியா பீப்பாயப் பத்தி ரெண்டு வரி உருக்கமா எழுதிக் குடுங்க. விஸ்கிய வெளியிடுற விழா அன்னைக்கு நீங்க அத்தை வீட்டுல இருங்க, கார் அனுப்புறேன்."

"நான் செத்தாத்தான் ஆலை பொழைக்குமா?"

என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை சில்லிட்டிருந்தது.

நவம்பர் 13
அவர்கள் கேட்ட இரண்டு வரி: இந்தப் பீப்பாயை நான் மூடினேன். இனி அது தானே பேசிக்கொள்ளும்.

மகன் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தான். நோட்டை இரவு வந்து எடுத்துக்கொண்டு போகிறானாம்.

நவம்பர் 14, காலை
அவன் அத்தை வீட்டுக்குப் புறப்பட்ட காரை ஆலைக்குத் திருப்பச் சொன்னேன். காவலாளி கண்ணாடிப் பெட்டியைத் திறந்துவிட்டான். "அண்ணன்தானே, பாத்துட்டுப் போங்க." பலகையில் வைத்திருந்த என் நோட்டில் ஒரு தாளைப் புரட்டி இதை நின்றபடியே எழுதுகிறேன். பிடிப்பு இடது தோளுக்கு வந்துவிட்டது. வெளியே கார்கள் வந்து நிற்கும் சத்தம்.

செய்ய வேண்டியவை:

மகன் — எல்லார் முன்னாலும் மேடையில், லேபிளில் அந்த வருடத்தைத் தன் கையாலேயே அடித்து நீக்க வேண்டும்.

தாடிக்காரன் — கொக்கைத் திரும்ப வரைய வேண்டும்.

மருமகள் — கோட்டை எடுத்து வர வேண்டும். குளிர்கிறது.

காவலாளி — கயிற்றை அவிழ்த்து நாற்காலியை வெளியே போட வேண்டும். அவனை யாரும் வேலையை விட்டு அனுப்பக் கூடாது.

இதைப் படிக்கிறவர் — திரும்பிப் பார்க்க வேண்டும். தூணருகே தடியோடு நிற்கிறவன்தான் இதை எழுதியவன்.

நான் — அதுவரை விழாமல் நிற்க வேண்டும்.