பரம்பரைக் குறட்டை

ஜூன் 9, திங்கள்

கோவிலம்பாக்கத்தில் நேற்று என் அண்ணன் பேத்திக்குக் காது குத்து. முன் வரிசையில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் குறட்டைக் கச்சேரி ஆரம்பித்துவிட்டது. நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு யார் என்று எட்டிப் பார்க்கிறார். காது குத்தின குழந்தைகூட அழுவதை மறந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் வெட்கத்தில் செத்திருப்பார்கள். இவர் கண் விழித்ததும் கேட்டது, "பந்தி போட்டாச்சா?"

முத்தாலம்மாள் அக்கா, இவருடைய அண்ணன் துரையின் பெண்டாட்டி, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி பெருமை பேசுகிறாள். "எங்க வூட்டு ஆம்பளைங்களுக்கு அது பரம்பரைக் குறட்டை. எங்க மாமனாரு வுட்டாருன்னா ரயில்வே கேட்டு வரைக்கும் கேக்கும். நிம்மதியா தூங்குவாங்க, நிம்மதியாவே போவாங்க. ஒரு நாள் படுக்கைல கெடந்ததில்ல."

ஆமாம், போனார்கள். மாமனார் ஐம்பத்தாறில், துரை நாலு வருஷம் முன்னால் ஐம்பத்துமூன்றில். ராத்திரி படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை. புண்ணியவான் என்று ஊரே சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் போனது. இவருக்கு வருகிற ஐப்பசியில் ஐம்பத்துமூன்று. இந்தக் குடும்பத்தின் புண்ணியத்தை நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன், இந்த மனுஷனுக்குப் பந்திதான் கவலை.

ஜூன் 12, வியாழன்

மூக்கில் இரண்டு சொட்டு நெய் விட்டால் குறட்டை நின்றுவிடும் என்று இவருடைய சித்தப்பா சொன்னாராம். விட்டாயிற்று. இப்போது நெய் வாசனையோடு வருகிறது.

ஜூன் 16, திங்கள்

ஆன்லைனில் மூக்குக்குக் கிளிப் வாங்கியிருக்கிறார். மாட்டிக்கொண்டு கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்துக்கொள்கிறார், மாப்பிள்ளை. காலையில் கிளிப் தலையணைக்கு அடியில் கிடந்தது.

பனியன் முதுகில் டென்னிஸ் பந்து வைத்துத் தைத்தால் மல்லாந்து படுக்க முடியாது, ஒருக்களித்துப் படுத்தால் சத்தம் குறையும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம். அதையும் தைத்துக் கொடுத்தேன். இவர் பந்து மேலேயே மல்லாந்து விடியும் வரை தூங்கினார். பந்து சப்பையாகிவிட்டது.

தினமும் ராத்திரி உள்ளே போகிற இரண்டு பெக்கை நிறுத்து என்று மட்டும் எந்தச் சித்தப்பாவும் சொல்ல மாட்டார். எதிர் நாற்காலியில் கிளாசோடு உட்காருகிறவர் எப்படிச் சொல்வார்?

ஜூன் 21, சனி

பெருங்களத்தூர் சிக்னல். இவர்தான் கார் ஓட்டினார். பச்சை விழுந்தது, வண்டி நகரவில்லை. திரும்பிப் பார்த்தால் தலை ஸ்டியரிங் மேல். பின்னால் பஸ் ஹாரன் காதைக் கிழிக்கிறது. நான் உலுக்குகிறேன், எழுந்திருக்கவில்லை. ஒரு ஆட்டோக்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். "தூங்கணும்னா வூட்டுக்குப் போ சார். ரோட்டுல இன்னா பாயா விரிச்சுக் கீது?"

வண்டியை ஓரங்கட்டிவிட்டு என்னிடம் சொல்கிறார், "தூங்கலடி. கண்ணை மூடி யோசிச்சுகினு இருந்தேன்." யோசித்தாராம்! செங்கலும் ஜல்லியும் விற்கிற கடைக்கு அப்படி என்ன யோசனை வேண்டியிருக்கிறது?

சிக்னலில் நின்றிருந்தோம், தப்பித்தோம். ஓடிக்கொண்டிருந்தால்? மகள் ஓவியாவிடம் சொன்னேன். அழுதாள், திட்டினாள், தாம்பரத்தில் ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். மகள் சொன்னால் மட்டும் இவருக்குக் காது கேட்கும்.

ஜூன் 26, வியாழன்

டாக்டர் பெயர் ஸ்ம்ருதி. ஓவியா வயசுதான் இருக்கும். "சின்னப் பொண்ணு, இதுக்கு இன்னா தெரியும்" என்று வெளியில் முணுமுணுத்த பெரிய மனுஷன் உள்ளே போனதும் வாயை ஆவென்று திறந்து காட்டினார். அந்தப் பெண் டெய்லர் மாதிரி டேப் வைத்துக் கழுத்தை அளந்தாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதி வைக்கிறேன். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்துபோகும், நாக்கு பின்னால் சரியும், காற்று போகிற வழி சுருங்கும். சுருங்கின வழியில் காற்று நுழையும்போது சுற்றியிருக்கிற சதை அதிர்கிறது. அதுதான் சத்தம். கழுத்தில் சதை போட்டால், குடித்தால், மூக்கு அடைத்தால் அதிகமாகும். தாடையும் தொண்டையும் அமைந்த வாகு சில குடும்பங்களில் வழிவழியாக வருமாம். ஆக, பரம்பரை என்பது உண்மைதான். பெருமை மட்டும்தான் பொய்.

குறட்டை விடுகிற எல்லோருக்கும் ஆபத்து இல்லை என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நடுவுல சத்தம் நிக்குதா ஆன்ட்டி?"

நிற்கும், அப்புறம் முட்டிக்கொண்டு ஒரு இழுப்பு இழுப்பார் என்றேன்.

"நிக்கிற நேரத்துல அவர் மூச்சு விடல."

மாமனாரையும் துரையையும் பற்றிக் கேட்டேன். பார்க்காமல் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இதை இப்படியே விட்டால் ரத்தக் கொதிப்பு, இதயக் கோளாறு எல்லாவற்றுக்கும் வழி விடும் என்றாள். இவர் கவனித்தாரா? நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஜூலை 3, வியாழன்

நேற்று ராத்திரி ஆஸ்பத்திரியில் தூக்கப் பரிசோதனை. தலை, மார்பு, விரல் எல்லாம் வயர். "டென்ஷன் இல்லாம தூங்குங்க சார்" என்றானாம் அங்கிருந்த பையன். யாருக்கு என்ன சொல்லித் தருவது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா?

ஜூலை 8, செவ்வாய்

ரிசல்ட் வந்தது. மணிக்கு நாற்பத்தேழு தடவை மூச்சு தடைப்படுகிறது.

இவர், "ஆபரேஷன் பண்ணா ஒரே நாள்ல முடிஞ்சிருமா?" என்கிறார். எல்லாத் தொண்டைக்கும் அது சரிப்படாது, இவருக்கு முதலில் அது இல்லை என்றாள் டாக்டர். லேசாக இருந்தால் பல் டாக்டர் தாடையை முன்னால் இழுத்து வைக்கிற ஒரு சாதனம் செய்து தருவார், இவருக்கு அது போதாது. உடம்பைக் குறைக்க வேண்டும், குடியை விட வேண்டும், தூங்கும்போதெல்லாம் மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளி வழியைத் திறந்து வைக்கிற மெஷின் மாட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்து குதிக்கிறார். "மூஞ்சில பைப்பு மாட்டிகினு படுக்க நான் இன்னா சாவக் கெடக்கறனா?"

ஆமாய்யா. அதைத்தானே அந்தப் பொண்ணு அரை மணி நேரமா சொல்லிச்சு?

ஜூலை 14, திங்கள்

வாடகைக்கு மெஷின் வந்து ஆறு நாள் ஆகிறது. முதல் ராத்திரி பிடுங்கி எறிந்தார். இரண்டாவது நாளும். மூக்குக்கு வேறு அளவு மாஸ்க் மாற்றிக் கொடுத்த பிறகு கொஞ்சம் படிந்தார். இன்று ஐந்து மணிக்குத் தானாக எழுந்து, குளித்து, கடையை அவரே போய்த் திறந்திருக்கிறார். கல்யாணமாகி இதுவரை நான் பார்க்காத காட்சி. மெஷினால்தானே என்றால், "இன்னிக்குக் காத்து நல்லா அடிக்குது, அதான்" என்கிறார். ஒப்புக்கொண்டால் கிரீடம் இறங்கிவிடும்.

ஜூலை 27, ஞாயிறு

இந்த வருஷம் ஆடித் திருவிழாவில் காப்பு கட்டுகிற முறை எங்கள் வீட்டுக்கு. கட்டினவர் தீமிதி வரைக்கும் வீட்டுக்கு வரக்கூடாது, கோயில் மண்டபத்தில்தான் மற்றப் பங்காளிகளோடு படுக்க வேண்டும். மெஷினை எடுத்துப் போங்கள், மண்டபத்தில் கரண்ட் இருக்கிறது என்றேன். இவர் முகம் போன போக்கு! பங்காளிகள் சிரிப்பார்களாம். அம்மன் சன்னதியில் பிளாஸ்டிக் மூஞ்சியோடு படுப்பதா என்று பக்தி வேறு. குடிக்கிறபோது எங்கே போயிருந்தது இந்த பக்தி?

முத்தாலம்மாள் அக்கா கூடவே தாளம் போட்டாள். "அதெல்லாம் சாமி பாத்துக்கும் வுடு, தையலு. எங்க வூட்டுக்காரரு எந்த மெஷினை மாட்டுனாரு? புண்ணியவான், பூ உதிர்ற மாதிரிப் போனாரு."

என்னால் அடக்க முடியவில்லை. கத்திவிட்டேன். "புண்ணியமும் இல்ல, பூவும் இல்லக்கா! மூச்சு முட்டிப் போனாரு. வைத்தியம் கீது, யாருக்கும் தெரியல, அதான் போனாரு. இவரையும் அப்டி அனுப்பி வச்சுட்டு ரெண்டு பேரும் உக்காந்து பெருமை பேசலாமா?"

அக்கா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூலை 28, திங்கள்

டாக்டர் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். நான் உறுதியாகச் சொல்லிவிட்டேன். அக்காவுக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு ஆறுதல்தான். அதற்காக நான் இவரைப் பலி கொடுக்கணுமா? மாட்டேன். ஆனாலும் சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காப்பு கட்டியாயிற்று. மஞ்சள் வேட்டி, கழுத்து நிறைய மாலை, ராஜா மாதிரிப் போனார். மெஷின் கட்டிலில் கிடக்கிறது. கடைசி வரை கெஞ்சினேன். எனக்கு இந்த ஆளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி

நேற்று நான் இதை எழுதி மூடின கொஞ்ச நேரத்தில் அக்கா மகன் ஹேமநாத் வந்தான். "அம்மா மெஷினை வாங்கியாரச் சொல்லிச்சு." ஏன் என்று அவனுக்கும் தெரியவில்லை. கொடுத்தனுப்பினேன்.

மீதியைக் காலையில் கோயிலில் பங்காளி சிட்டிபாபு சொன்னார். துரை போன பிறகு திருவிழாப் பக்கமே தலைகாட்டாத அக்கா, வயர் கூடையில் மெஷினும் கையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுமாக மண்டபத்துக்குள் வந்தாளாம். "மாட்டு தம்பி." இவர் நெளிந்திருக்கிறார். "போங்க அண்ணி, எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நான் அழுது பாத்துட்டுச் சொல்றேன். மாட்டு."

"யாரும் சிரிக்கல தையலு. எவன் சிரிப்பான்?" என்றார் சிட்டிபாபு. இவர் மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். அக்கா தூணில் சாய்ந்து விடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள்.

நான் போனபோது பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்த மெஷின் டப்பால இன்னா தண்ணி ஊத்தணும்?"

"டிஸ்டில்டு வாட்டர்க்கா. வாங்கியாரேன்."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தீமிதி முடிந்தது. பத்திரமாக வீட்டுக்கு வந்தார். மெஷினைத் தானே எடுத்து வந்து தானே பிளக் மாட்டுகிறார். காலில் கொப்புளம் இல்லை என்று பெருமை அடித்துக்கொள்கிறார். அடித்துக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அக்காவே வந்து கேட்டாள். "ஹேமநாத்தும் அவங்க அப்பா மாதிரியே இழுக்கறான். அந்த டாக்டரம்மா கிட்ட என்னை இட்டுகினு போ." இருபத்தேழு வயசுப் பிள்ளை. மூன்று பேரும் தாம்பரம் போனோம்.

டாக்டர் அவனைப் பார்த்துவிட்டு, அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டாள். பழக்க தோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நான்தாம்மா பக்கத்துல படுத்திருந்தேன், நானே சொல்றேன். கொர்ருன்னு பெருசா இழுத்துகினு இருந்தாரு. எனக்குத் தூக்கமே வரல. திடீர்னு நின்னுச்சு. அப்பாடா, இனிமேட்டுத் தூங்கலாம்னு திரும்பிப் படுத்துக்கினேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டாள். இந்தக் கதையை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். இந்த இடத்தை அக்கா யாரிடமும் சொன்னதில்லை. ஹேமநாத் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலைல காபி எடுத்துகினு போய்தான் எழுப்புனேன்" என்றாள் அக்கா. என் கையை இன்னும் விடவில்லை.